தோற்றம் ஒன்று, பொருள் வேறு



'படி' என்னும் சொல்லைக் கரும்பலகையில் தனியே எழுதிப் பொருள் கேட்டால், மாணாக்கர் தயங்குவர். நூலைக் கற்பதும் படி. வாயிலில் ஏறுவதும் படி. அரிசி அளப்பதும் படி. வாக்கியத்தில் அமைந்த பின்னரே பொருள் துலங்கும். சீன தேசத்துத் தாய் சீ என்னும் போர்க்கலையின் நிலைகளும் இத்தகையனவே.

2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இக்கலையை, இன்று பலரும் உடல்நலம் கருதி மெல்ல அசைந்து பயில்கின்றனர். ஆயினும் அதன் அசைவுகள் எதிரி ஒருவனை மனத்திற்கொண்டு எழுந்தவை.

வெண்கொக்கு சிறகு விரித்தல், காட்டுக்குதிரையின் பிடரியை வகிர்தல், சாய்வாகப் பறத்தல் என மூன்று நிலைகள் உள. மூன்றிலும் ஒரு கை மேலே, மறு கை கீழே. படத்திற் காண்பவர்க்கு மூன்றும் ஒன்றெனவே தோன்றும். வேறுபாட்டை அறியக் காலையும் இடையையும் நோக்குதல் வேண்டும்.

கொக்கு நிலையில் உடற்பாரம் பின்காலில் தங்கும். முன்கால் நுனியால் மட்டும் நிலத்தைத் தொடும். மேற்கை எதிரியின் கையை உயர்த்தி விலக்கும். கீழ்க்கை கீழ்ப்புறத்தைக் காக்கும். பாரமற்ற முன்காலோ உதைப்பதற்கு ஆயத்தமாயிருக்கும்.

பிடரியை வகிரும் நிலையில் பாரம் முன்காலுக்குப் பெயர்கின்றது. ஒரு கை எதிரியின் மணிக்கட்டைக் கீழே அமிழ்த்தும். முன்கால் அவன் காலுக்குப் பின்னே புகும். மறு கை அவன் அக்குளின்கீழ் எழும். இடை திரும்பியதும் அவன் மல்லாந்து வீழ்வான்.

சாய்வாகப் பறத்தலும் இதனை ஒத்ததே. எனினும், அங்கே உடல் அகலத் திரும்புகின்றது. அடி சாய்வாக வைக்கப்படுகின்றது. கை இன்னும் உயர்ந்து எதிரியின் கழுத்துப்புறம் செல்கின்றது. முன்னையது சாய்த்து வீழ்த்துவது. பின்னையது கழுத்தையே தாக்கவும் வல்லது. ஆதலின், பயன் அறியாது விளையாட்டாகச் செய்பவன் தோழனுக்குத் தீங்கிழைத்தலும் கூடும்.

கையின் வடிவத்தை ஏட்டில் வரைந்து வைக்கலாம். அதன் பயனை ஆசானே உணர்த்தல் வேண்டும். ஆசான் வாய் மூடினால் கலைக்கு நேருவது யாது? அதற்குச் சான்று தேடி நாம் சீனாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. யான் வாழும் கலகெதர, பண்டைக் கண்டி இராச்சியத்தின் மலைவாயில்களுள் ஒன்று. அவ்விராச்சியத்தில் வழங்கிய அங்கம்பொர என்னும் போர்க்கலை, 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் ஆங்கிலேயரால் தடுக்கப்பட்டது. சில பரம்பரையினர் மறைவிற் காத்தமையாலேயே அது இன்று மீண்டும் பயிலப்படுகின்றது.

பாடசாலை மைதானத்தில் பிள்ளைகளின் கைகள் ஒரே ஒழுங்காக உயர்ந்தாற் போதும் என்று யானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இப்பொழுதோ, "ஐயா, இஃது எதற்காக?" என்று வினவும் மாணவனையே யான் எதிர்பார்த்து நிற்கின்றேன்.