ரேம் பெட்டியில் உள்ள இரண்டாவது எண்

சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்பவர் ரேம் வாங்கப் போனால், 6000, 6400, 7200 என்று பெட்டிமேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்தான் முதலில் கண்ணில் படும். எண் ஏற ஏற விலையும் ஏறும். ஆனால் அது பாதி விவரம்தான். மீதி, பக்கத்திலேயே ‘சிஎல்30’, ‘சிஎல்40’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது.

முதல் எண், ஒரு நொடியில் எத்தனை மில்லியன் முறை தரவு கடத்தப்படுகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, கேட்ட தரவு வரத் தொடங்கும்வரை பிராசஸர் காத்திருக்க வேண்டிய துடிப்புகளின் எண்ணிக்கை. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால், காத்திருப்பு நானோ நொடியில் கிடைத்துவிடும். 6000 சிஎல்30 என்றால் 10 நானோ நொடி. 7200 சிஎல்40 என்றால் 11.1. 6000 சிஎல்40 வாங்கினாலோ 13.3. கடைசி இரண்டு பெட்டிகளிலும் சிஎல் ஒன்றுதான். முதல் இரண்டில் வேகம் கூடியது, காத்திருப்பும் கூடியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய டிடிஆர்3 ரேமில் 1600 சிஎல்9 சர்வசாதாரணம். அதன் காத்திருப்பு 11.25 நானோ நொடி. அதன்பின் இரண்டு தலைமுறை வந்து, தரவு பாயும் அளவு நான்கு மடங்கை நெருங்கிவிட்டது. காத்திருப்பு மட்டும் அங்கேயே நிற்கிறது. காரணம் சில்லின் அடிப்படை அமைப்பு. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அதில் ஒரு பிட். ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் வடிவமைத்து 1968-ல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடுதான் இன்றும் தொடர்கிறது. அந்தத் துளி மின்னூட்டத்தை உணர்ந்து, பெருக்கி, வெளியே அனுப்ப எடுக்கும் நேரத்தைக் குறைப்பது லேசில்லை.

அந்த மின்னூட்டம் கசியவும் செய்கிறது. டிடிஆர்4 ரேமில் 64 மில்லி நொடிக்குள் ஒவ்வொரு வரிசையும் புதுப்பிக்கப்பட்டாக வேண்டும். சூடு 85 டிகிரியைத் தாண்டினால் அந்த அவகாசம் பாதியாகிவிடும். ஓவர்கிளாக் செய்பவர்கள் வேகத்துக்காகப் புதுப்பிக்கும் இடைவெளியை நீட்டுவதுண்டு. குளிர்ந்த அறையில் சரியாக ஓடிய ரேம், கிராபிக்ஸ் கார்டின் அனல் ஏறியதும் தடுமாறுவது இதனால்தான். மின்னும் வண்ண விளக்குக்குக் கொடுக்கும் காசை ஒரு மின்விசிறிக்குக் கொடுக்கலாம்.

பெட்டியில் போட்ட வேகம் தானாகவே கிடைத்துவிடும் என்பதும் தப்புக் கணக்கு. 6000 ரேமைப் பொருத்தி பயாஸில் கை வைக்காமல் விட்டால், அது பெரும்பாலும் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்டெலின் எக்ஸ்எம்பி அல்லது ஏஎம்டியின் எக்ஸ்போ அமைப்பை இயக்கினால்தான் சொன்ன வேகம் வரும். அப்போது டிடிஆர்5-இன் வழக்கமான 1.1 வோல்ட், 1.35 அளவுக்கு ஏறும். அதுவே ஓவர்கிளாக்தான்.

ஆகவே பிராசஸரைப் பார்த்துத்தான் ரேமைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரைசன் 7000 வரிசையை எடுத்துக்கொண்டால், 6000-ஐ ஒட்டிய வேகம்வரை நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி ரேமோடு சரிசமமாக ஓடும். அதற்கு மேல் வெகுதூரம் போனால் பாதி வேகத்துக்கு இறங்கும். செலவழித்த பணம் வீண். 7800எக்ஸ்3டி போல 96 எம்பி எல்3 கேஷ் உள்ள பிராசஸருக்கு ரேம் வேகம் இன்னும் குறைவாகவே உதவும். மின்னழுத்தத்தை இஷ்டத்துக்கு ஏற்றுவதும் ஆபத்து. 2023-ல் சில எக்ஸ்3டி பிராசஸர்கள் கருகியபின், எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று ஏஎம்டி உச்சவரம்பு வைத்தது.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். இதே வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு வெறும் 3600. 64 ஜிபி தேவையென்றால் நான்கு 16-ஐவிட இரண்டு 32 மேல். அவற்றை ஒரே பெட்டியில் ஜோடியாக வாங்கி, பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்த வேண்டும். முதல் தடவை திரை வரச் சில நிமிடங்கள் ஆகலாம், பதற வேண்டாம்.

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்று இருந்துவிடவும் கூடாது. ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடட்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் வேகத்தை ஒரு படி இறக்கிவிடுங்கள்.