அப்பாவின் துப்பாக்கி: அவர் தெளிவோடு இருக்கும்போதே பேசிவிடுங்கள்

செம்பனைத் தோட்டத்துக்குள் புகும் காட்டுப்பன்றிகளை விரட்ட, முறைப்படி லைசென்ஸ் எடுத்து வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம் நாட்டில் உண்டு. வியாபாரப் பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் பெற்றவர்களும் இருக்கிறார்கள். நம் மக்களில் இவர்கள் ஒரு சிலரே. ஆனால் அந்தச் சிலருக்கும் வயதாகிறது. கண் மங்குகிறது, கை நடுங்குகிறது, மறதி வருகிறது. துப்பாக்கி மட்டும் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

அவருக்குப் பிறகு அது என்னவாகும்? பல வீடுகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

நிலம், நகை போல அல்ல

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் தரப்படும் லைசென்ஸ், அதைப் பெற்றவருக்கு மட்டுமே உரியது. பிள்ளைகளுக்குச் சொத்துபோல் தானாக வந்து சேராது. அப்பா காலமான பின், "அவர் ஞாபகமாக இருக்கட்டும்" என்று அம்மா அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றம் அம்மாவின் தலையில் விழலாம். 1971ஆம் ஆண்டுக் கூடுதல் தண்டனைச் சட்டப்படி, இந்தக் குற்றத்துக்கு 14 ஆண்டு வரை சிறை. ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு.

1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில், அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு மரண தண்டனை வரை விதிக்கப்பட்டது. அந்தக் காலத்தைத் தோட்டத்தில் கழித்த குடும்பங்களில், துப்பாக்கி என்றாலே வாய் திறக்கப் பயம். மறைத்து வைக்கத்தான் தோன்றும். ஆனால் மறைப்பதுதான் ஆபத்து.

உயிருக்கும் ஆபத்து

மறதி நோய் வந்தவர், இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த மகனையே திருடன் என்று நினைத்துவிடலாம். மனைவியை இழந்தவர், தீராத நோயில் வாடுபவர் மனமுடைந்த ஒரு நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், மறுபடி யோசிக்க நேரம் கிடைக்காது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகளே. அதனால்தான் அங்கு சில மருத்துவர்கள், வயதான பின் கார் ஓட்டுவதை நிறுத்துவது போலத் துப்பாக்கிக்கும் ஓய்வு நாளை முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்கிறார்கள்.

எப்படிப் பேசுவது?

பிடுங்காதீர்கள், அவருக்குத் தெரியாமல் எடுத்து ஒளிக்காதீர்கள். அது அவர் உழைத்த காலத்தின் அடையாளம். "அப்பா, இதை என்ன செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நாங்க கூட வர்றோம்" என்று கேளுங்கள். மகன் பேச்சை அவர் கேட்கமாட்டார் என்றால், அவர் மதிக்கும் மாமாவையோ பழைய நண்பரையோ பேசச் சொல்லுங்கள். எந்த நிலை வந்தால் ஒப்படைப்பது என்பதை ஒரு தாளில் எழுதி அவரே கையெழுத்திடட்டும்.

செய்ய வேண்டியவை

• லைசென்ஸ், துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

• ஒப்படைக்கும் வரை, தோட்டாவை நீக்கித் துப்பாக்கியைப் பூட்டி வைக்கட்டும். தோட்டாக்கள் வேறு இடத்தில் இருக்கட்டும்.

• துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போலீஸ் நிலையம் போகாதீர்கள். முதலில் போன் செய்யுங்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என எந்த வட்டாரமானாலும், யார், எப்படிக் கொண்டு வருவது என்று கேட்டு அதன்படி செய்யுங்கள்.

• போலீஸ் அனுமதியின்றி யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது, சொந்தத் தம்பிக்கும்கூட.

• ஒப்படைத்ததற்கு எழுத்துப்பூர்வமான ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

• லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால், காரியம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போலீசுக்குத் தெரிவியுங்கள். அதுவரை துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

• லைசென்ஸ் இல்லாத பழைய துப்பாக்கி வீட்டில் அகப்பட்டால், ஆற்றில் வீசாதீர்கள், புதைக்காதீர்கள். தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைக் கேட்டு, அவர் மூலமே போலீசுக்குச் சொல்லுங்கள்.

பெரியவர் "இனி இருந்து என்ன பயன்" என்று பேச ஆரம்பித்தால், அதை வெறும் புலம்பலாக விடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனம்விட்டுப் பேச, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 24 மணி நேரமும் 03-7627 2929 என்ற எண்ணில் இருக்கிறது.

அப்பா தன் கையால் ஒப்படைத்தால், அது அவர் எடுத்த முடிவு. அதைத் தள்ளிப்போட்டால், விளக்கம் சொல்லிக்கொண்டு போலீஸ் நிலையத்தில் நிற்க வேண்டியவர் அம்மா.