ஏரியை ஆழமாத் தோண்டிட்டா பறவை வந்துடுமா?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டம். ஓசூர் மாதிரியே கம்பெனி பஸ்ஸும் லாரியுமாக ஓடும் பகுதி. அங்கே கியாலசனஹள்ளியில் 36 ஏக்கர் ஏரி ஒன்று வறண்டு கிடந்தது. 2017 கோடையில் அதை மீட்கக் கிளம்பியவர் ஆனந்த் மல்லிகவாட். நீரியல் நிபுணர் அல்ல, மெக்கானிக்கல் இன்ஜினியர். அவர் வேலை பார்த்த சான்செரா நிறுவனம் சிஎஸ்ஆர் நிதியாக ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தது. ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுமார் 45 நாளில் வேலை முடிந்தது, அந்த ஆண்டு மழையிலேயே தண்ணீர் நின்றது.

தூர் வாரியதை விட, வாரிய மண்ணை என்ன செய்தார்கள் என்பதுதான் இதில் விஷயம். ஏரிக்குள்ளேயே அதைக் குவித்துத் தீவுகள் ஆக்கினார்கள். தெருநாயும் மனிதனும் எட்டாத இடத்தில்தான் நாரையும் நீர்க்காகமும் நிம்மதியாகக் கூடு கட்டும்.

கரை ஏன் சரிவாக இருக்கணும்?

கொக்கு நின்றபடி மீன் பிடிக்கிற பறவை. அதன் கால் உயரத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் அதற்கு அங்கே வேலையில்லை. உள்ளானுக்கு ஈரச்சேறு வேண்டும். முக்குளிப்பான் நீர்ச்செடிகளைச் சேர்த்து மிதக்கும் கூடு கட்டும். குளத்தைச் சுற்றிச் செங்குத்தாக கான்கிரீட் சுவர் எழுப்பி, வாக்கிங் டிராக் போட்டு, 'அழகுபடுத்திட்டோம்' என்கிறோமே, அது பெரிய தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். உள்ளே விழுந்த ஆமைகூட மேலே ஏற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கையுறை மாட்டி இறங்குகிற நண்பர்களுக்கு இன்னொன்று. சாக்கடை வாயை அடைக்காமல் ஆகாயத்தாமரையை மட்டும் அள்ளினால், மிச்சமிருப்பது இரண்டு வாரத்திலேயே இருமடங்காகிவிடும். கழிவுநீரில் வரும் சத்துதான் அதற்கு உரம். அது மூடிக்கொண்டால் வெளிச்சம் உள்ளே போகாது, ஆக்சிஜன் குறையும், மீன் செத்து மிதக்கும். கழிவுநீர் என்ன செய்யும் என்பதை ஓசூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெங்களூரு பக்கமிருந்து தென்பெண்ணையில் வரும் கழிவு, கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

யாரிடம் கேட்கணும்?

ஆர்வம் இருந்தாலும் ஜேசிபியைக் கூப்பிட்டு நேராக இறங்கிவிட முடியாது. தமிழகத்தில் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நகருக்குள் இருக்கும் குளங்கள் பல மாநகராட்சி கையில். அள்ளும் வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். அதனால் மண்ணை எங்கே கொட்டுவது என்ற தலைவலி பாதி குறையும். ஆனால் எல்லா மண்ணையும் அனுப்பிவிட வேண்டாம், தீவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு ஏற்ற நேரம் கோடை. வலசை வந்த பறவைகள் கிளம்பியிருக்கும், மழைக்கும் அவகாசம் இருக்கும். தொடங்குவதற்கு முன் நாலைந்து விடியற்காலை கரையில் நின்று, எந்தப் பறவை எந்த மூலையில் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டால், அந்த மூலையையாவது தொடாமல் விடலாம்.

மல்லிகவாட் 2019-இல் வேலையை விட்டுவிட்டார். இப்போது முழுநேரமும் ஏரி வேலைதான்.