தமிழில் இரண வைத்தியம்

காயமும் நோவும் மனிதனுடைய தொழிலோடு கூடப் பிறந்தவை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வயலில் இயந்திரத்திற் கை அகப்படுதல், மரத்தினின்று தவறி வீழ்தல், காட்டோரத்தில் யானையால் தாக்கப்படுதல், தெருவில் மோட்டார் சைக்கிள் மோதுதல் என்பன இங்கு எவரும் கேள்வியுற்றவையே. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரையும், அத்துறைவழியே நகருக்கு வரவேண்டிய படுவான்கரையார், ‘பாதை’ எனப்படும் மிதவையிலேறியே வாவியைக் கடந்தனர். காயமுற்றவனும் அதற்காகக் காத்திருக்க வேண்டியவனே. அந்நேரத்தில் அவனருகில் இருப்போர் உறவினரும் அயலாருமே, வைத்தியர் அல்லர். அவர்கள் அறிந்த மொழி தமிழ். ஆகவே, காயத்தைப் பேணும் அறிவு தமிழில் உண்டா என்னும் வினா, புலவர்க்கு மட்டும் உரிய வினா அன்று. உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

இவ்வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஈழநாட்டில் விடை காண முயன்றவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் 1822ஆம் ஆண்டிற் பிறந்த இவர், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று, 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனைச் சேர்ந்தவராய் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். சமயப்பணியே அவரை இங்கு கொணர்ந்தது. எனினும், அவர் விட்டுச்சென்ற மருத்துவ நூல்கள் சமய எல்லையைக் கடந்து தமிழ் பேசுவோர் யாவர்க்கும் உரியனவாயின. அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60க்கு மேற்பட்டோர். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1862ஆம் ஆண்டில் இரண்டாம் முறை வந்தபின், தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலம் கற்ற வைத்தியர் அரசாங்க வேலையை நாடி நகரங்களுக்குச் செல்வர். தமிழிற் கற்றவரோ தம் ஊரிலே தங்கி ஊரவர்க்குப் பயன்படுவர் என்பதே அவர் கருத்து.

அவர் இங்கு வந்த காலம் சத்திரவைத்திய வரலாற்றில் ஒரு திருப்பமான காலமாகும். 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், அவருடைய சொந்த மாநிலத்தின் தலைநகரான பொஸ்ரனில், வில்லியம் மோர்ட்டன் என்பவர் ஈதர் ஆவியால் நோயாளி ஒருவனை மயங்கச் செய்ய, அவன் கழுத்திலிருந்த கட்டி அறுக்கப்பட்டது. மறு ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் என்னும் பேராசிரியர் குளோரோபோமைப் பயன்படுத்தினார். அதற்கு முன்னர், நால்வர் பிடித்துக்கொள்ள நோயாளி அலறிக் கிடக்க, சில நிமிடங்களில் அறுத்து முடிப்பவனே சிறந்த சத்திரவைத்தியன் எனப்பட்டான். மயக்க மருந்து வந்தபின் விரைவினும் செம்மையே பெரிதாயிற்று. ஆயினும், அம்மருந்து தானே ஆபத்துமாயிற்று. 1848ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்திலே 15 வயதுச் சிறுமி ஒருத்தி, கால்விரல் நகமொன்றை நீக்குவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்டபோது உயிரிழந்தாள். மருந்தைக் கையாள்வோனுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதை உலகம் இவ்வாறுதான் உணர்ந்தது.

அக்கல்விக்கு நூல்கள் வேண்டும். கிறீன் தம் மாணாக்கரின் துணையோடு மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கத் தொடங்கினார். 1867ஆம் ஆண்டில் ‘இரண வைத்தியம்’ வெளிவந்தது. இங்கிலாந்தில் 1839ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியாகிப் பல பதிப்புகள் கண்ட துறூயிற் என்பாரின் சத்திரவைத்தியக் கைந்நூலே இதன் மூலம். பின்னர் கிறேயின் உடலமைப்பு நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்றும், ஊப்பரின் நூல் ‘வைத்தியாகரம்’ என்றும், வெல்சின் இரசாயன நூல் ‘கெமிஸ்தம்’ என்றும், தால்தனின் உடற்றொழிலியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்றும் தமிழுருப் பெற்றன. 1873ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியைக் கைவிடவில்லை. ‘இந்து பதார்த்த சாரம்’ அவர் மறைந்த 1884ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

நூற்பெயர்களை நோக்கினாலே அவர் கையாண்ட மொழிநெறி புலப்படும். இரணம் என்பது நாட்டு வைத்தியரும் நோயாளரும் அறிந்த சொல்; அதனை அவ்வாறே ஏற்றார். அங்காதிபாதம், சுகரணம் என்பன வடமொழிவழி வந்தவை. தக்க சொல் கிடையாதவிடத்து, கெமிஸ்தம் என்றாற்போல ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைவித்தார். இவற்றுட் சில இன்று வழக்கிழந்துவிட்டன. ஆயினும், கலைச்சொல் இல்லை என்று கற்பித்தலை ஒத்திவையாது, கற்பித்தலினூடாகவே சொல்லை ஆக்கிக்கொண்ட துணிவு போற்றத்தக்கது.

‘இரண வைத்தியம்’ வெளிவந்த அதே 1867ஆம் ஆண்டில், இன்னொரு பெருநிகழ்ச்சியும் நிகழ்ந்தது. கிருமிகளை அழிக்கும் கார்போலிக் அமிலத்தாற் காயத்தைத் தூய்மை செய்யும் முறையை லிஸ்டர் என்பார் இலண்டன் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன்பின் இரணம் பேணும் முறையே மாறிற்று. தமிழ் நூலோ அச்சேறிய நாளிலேயே புதுக்கப்படவேண்டியதாயிற்று. கிறீன் சென்றபின் அதனைத் தொடர்ந்து புதுக்குவார் இலராயினர். 1870ஆம் ஆண்டில் கொழும்பிலே தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. பதவியும் மதிப்பும் அவ்வழியே சென்றன. தமிழ்வழி மருத்துவக் கல்வி இவ்வாறு தளர்ந்தது. ஓர் அறிவுத்துறையை மொழியில் ஒருமுறை பெயர்த்துவைத்தல் போதாது. தலைமுறைதோறும் அதனைப் புதுக்கவேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

மயக்க மருந்தின் வரலாறும் இதனை வலியுறுத்தும். பெருங்காயமுற்றவனை மயங்கச் செய்வது, மற்றை நோயாளரை மயங்கச் செய்வதினும் அரிது. குருதி மிக இழந்தவனுடைய இதயம் முன்னரே தளர்ச்சியுற்றிருக்கும். குளோரோபோம் போன்ற மருந்து அதனை மேலும் தளர்த்தும். உணவு நிறைந்த இரைப்பையோடு வந்தவன் மயக்கத்தில் வாந்தி செய்யின், அது சுவாசக்குழாயிற் புகுந்து உயிருக்கே கேடாகும். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆக்கப்பட்ட கெற்றமீன் என்னும் மருந்து, நோவை நீக்கியும், பெரும்பாலும் மூச்சையும் குருதியமுக்கத்தையும் தாழ்த்தாது நிற்பதால், வசதி குறைந்த வைத்தியசாலைகளிலும் போர்க்களங்களிலும் பெருந்துணையாயிற்று. 1985ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது.

மருந்தினும் முதன்மையானது மருந்து வருமுன் செய்யவேண்டிய உதவி. நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ஹுசும் என்பாரும் அவர்தம் துணைவரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஈண்டுக் கருதத்தக்கது. கம்போடியாவிலும் வட ஈராக்கிலும், கண்ணிவெடி விதைக்கப்பட்ட நாட்டுப்புறங்களில், உள்ளூர்ச் சுகாதாரத் தொண்டரையும் ஆயிரக்கணக்கான கிராமத்தவரையும் அவர்கள் பயிற்றினர். குருதியை அமுக்கி நிறுத்தல், சுவாச வழியைத் திறந்துவைத்தல், நோவைத் தணித்தல் முதலிய எளிய செயல்களே கற்பிக்கப்பட்டன. 1997 முதல் 2001 வரையான ஐந்தாண்டுகளில், காயமுற்றோருள் இறந்தோர் விகிதம் 40 வீதத்தினின்று ஏறக்குறைய 15 வீதமாகக் குறைந்தது. ஊரவர் கையிற் சேர்ந்த அறிவே இப்பெரும் வேறுபாட்டை விளைவித்தது. ஊரிலே தங்கும் வைத்தியரை ஊர்மொழியிலே ஆக்கவேண்டும் என்ற கிறீனின் எண்ணம், ஒரு நூற்றாண்டு கடந்து, வேற்று நாடுகளிலே இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

இனி, நம் நாட்டை நோக்குவோம். மட்டக்களப்பு வைத்தியசாலை இன்று போதனா வைத்தியசாலையாக உயர்ந்துள்ளது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்வியும் இங்கேயே நடைபெறுகின்றது. 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் பரந்தது. இவை பெரும்பேறுகளே. எனினும், அம்புலன்ஸ் வந்துசேரும் வரையிலான பொழுது இன்னும் அயலார் கையிலேயே உள்ளது. முறிவு நெரிவு வைத்தியத்தில் நம்பிக்கை மிக்க நம்மவர், முறிந்த எலும்போடு குருதிப் பெருக்கும் உண்டாயின் முதலிற் செய்யத்தக்கது யாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். கழுத்தெலும்பு முறிந்தவனைத் தூக்கி நிறுத்தலாகாது. உணர்விழந்தவன் வாயில் நீர் வார்த்தலாகாது. இத்தகைய சிறு விதிகள் எளிய தமிழில், படங்களோடு, பாடசாலைதோறும் பரவவேண்டும்.

மருத்துவத்தை ஆங்கிலத்திற் கற்கும் நம் மாணவர், கற்றவற்றைத் தமிழில் எழுதுவதைத் தம் கல்வியின் புறம்பான செயலாகக் கருதலாகாது. ‘இரண வைத்திய’த்தைத் தமிழாக்குவதில் துணைநின்றோரும் ஒருகாலத்து மாணவரே. அச்சுப்பொறி அருகியிருந்த அக்காலத்தில் அவர்கள் செய்ததை, வசதி பெருகிய இக்காலத்தில் நாம் செய்யாதிருத்தற்குத் தக்க காரணம் யாதும் இல்லை.