ஐந்தே மாலைகள்

சிகரெட்டை விட்டொழிக்க ஒருவருக்கு எத்தனை நாள் தேவைப்படும்? ஐந்து நாளில் விட்டுவிடலாம் என்றது ஒரு திருச்சபை!

1960களின் தொடக்கம். அமெரிக்காவில் அலுவலகம், உணவகம், விமானம் என்று எங்கு பார்த்தாலும் சிகரெட் புகை. அந்த நேரத்தில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த இரண்டு பேர் கைகோத்தார்கள். ஒருவர் மருத்துவர் வேய்ன் மெக்ஃபார்லண்ட், மற்றவர் போதகர் எல்மன் ஃபோல்கன்பர்க். அவர்கள் உருவாக்கியதுதான் 'ஐந்து நாள் திட்டம்'.

அடுத்தடுத்து ஐந்து மாலைகள் கூட்டம் நடக்கும். புகை உடம்பை என்ன செய்கிறது என்று மருத்துவர் விளக்குவார். மனதை எப்படித் திடப்படுத்துவது என்று போதகர் சொல்லித்தருவார். எந்த மதத்தவரும் வரலாம்.

அவர்கள் சொன்ன வழிகள் மிக எளிமையானவை. நிறைய தண்ணீர் குடியுங்கள். காபியையும் மதுவையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் வழக்கமான நாற்காலியில் சாயாமல், வெளியே காலாற நடந்து, மூச்சை ஆழமாக இழுத்துவிடுங்கள்.

அப்படியும் கை சிகரெட்டைத் தேடினால்?

அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு வருபவர்களை இருவர் இருவராகச் சேர்த்துவிடுவார்கள். ஆசை தலைதூக்கும்போது ஒருவர் மற்றவருடன் தொலைபேசியில் பேசலாம், தைரியம் சொல்லலாம்.

அமெரிக்காவில் பிறந்த இந்தத் திட்டம் கடல் கடந்து பல நாடுகளுக்குப் போனது. பின்னாளில் 'பிரீத் ஃப்ரீ' என்ற புதிய பெயரோடும் தொடர்ந்தது.