கொலைக் கதைகளின் செல்வாக்கு: ஒரு சமூகவியல் நோக்கு

நவீன வெகுசனக் கலைகளில் கொலையைப் பொருளாகக் கொண்ட படைப்புகள் பெறும் செல்வாக்கு ஆய்வுக்குரியதாகும். அகதா கிறிஸ்ரியின் ‘எலிப்பொறி’ நாடகம் 1952ஆம் ஆண்டு இலண்டனில் மேடையேறியது. 2020ஆம் ஆண்டுத் தொற்றுநோயினால் ஏற்பட்ட இடைநிறுத்தம் தவிர, அங்கு தொடர்ந்து ஆடப்பட்டு வருகின்றது. நாவலிலிருந்து நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும், பின்னர் வீடியோ விளையாட்டுக்கும் கொலைக் கதை பெயர்ந்துள்ளது. இச்செல்வாக்குக்கு இருவகை விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. வன்முறை மனித இயல்பு என்பர் ஒருசாரார். ஒழுக்கச் சீரழிவின் விளைவு என்பர் மறுசாரார். இவ்விரு விளக்கங்களும் வரலாற்றைப் புறக்கணிப்பன. கொலை மிகப் பழையது. ஆயின் ‘கொன்றவர் யார்?’ என்ற வினாவைச் சுற்றி எழுந்த தனி இலக்கிய வகை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு உட்பட்டதே.

இவ்வகை தோன்றிய காலம் கவனத்துக்குரியது. இலண்டன் மாநகரப் பொலிஸ் 1829இல் அமைக்கப்பட்டது. அதன் துப்பறியும் பிரிவு 1842இல் உருவாயிற்று. இவற்றுக்கிடையில், 1841இல், அமெரிக்கரான எட்கார் அலன் போ பாரிஸ் நகரைக் களமாகக் கொண்டு எழுதிய சிறுகதையே நவீன துப்பறியும் கதையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. ஒருவரையொருவர் அறியாத மக்கள் நெருங்கி வாழும் பெருநகரமும், உடைமையைக் காக்கும் நிரந்தரப் பொலிசும் உருப்பெற்ற காலத்திலேயே துப்பறிவாளனும் கதைக்குள் நுழைந்தான். பெல்ஜிய மார்க்சியப் பொருளியலாளர் ஏர்ணஸ்ட் மன்டெல், 1984இல் வெளிவந்த தமது நூலில், குற்றக் கதையின் வரலாற்றைப் பூர்ஷ்வா சமுதாயத்தின் வரலாற்றோடு இணைத்து நோக்கினார். அவரே இக்கதைகளை விரும்பி வாசித்தவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

கிறிஸ்ரியின் முதலாவது துப்பறியும் நாவலை உதாரணமாகக் கொள்வோம். 1920இல் வெளிவந்த அந்நாவல் முதலாம் உலகப்போர் நடைபெற்றுக்கொண்டிருந்த 1916இல் எழுதத் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு யூலை 1ஆம் திகதி, சோம் போர்முனையில், ஒரே நாளில் 19,000க்கும் மேற்பட்ட பிரித்தானியப் படையினர் மாண்டனர். நாவலிலோ, போர்முனையில் காயமுற்றுத் திரும்பிய ஒருவர் கதைசொல்ல, போரினால் அகதியான பெல்ஜியர் ஒருவர் துப்புத்துலக்க, நாட்டுப்புற மாளிகையொன்றில் நஞ்சூட்டப்பட்ட செல்வச் சீமாட்டியின் மரணம் ஆராயப்படுகின்றது. கோப்பி அருந்திய கோப்பை, பெட்டிச் சாவி, எரிந்த உயிலின் துண்டு என ஒவ்வொன்றும் சான்றாகின்றது. சோம் போர்முனையில் மாண்டோருக்காக எவரும் கொலையாளியைத் தேடவில்லை. மாளிகையின் ஒரு மரணத்துக்கோ முழுமையான விசாரணையும் தெளிவான விடையும் கிடைக்கின்றன. இவ்வடிவத்தின் கவர்ச்சி இங்கேதான் தங்கியுள்ளது என்பது எமது கருத்து. சமுதாய அமைப்பு விளைவிக்கும் மரணத்துக்கு முகம் இல்லை. கதை அதற்கு ஒரு முகத்தை அளிக்கின்றது. குற்றவாளி அகற்றப்பட்டதும் சொத்துறவுகள் முன்போலவே நிலைபெற, வாசகர் மனநிறைவோடு நூலை மூடுகின்றார்.

எனினும் இவ்வடிவத்தினுள்ளே முரண்பாடும் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் டஷியல் ஹமெற், வேலைநிறுத்தங்களை முறியடிக்கப் பயன்படுத்தப்பட்ட பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1929இல் வெளிவந்த அவரது ‘செந்நிற அறுவடை’ நாவலில், வேலைநிறுத்தத்தை ஒடுக்குவதற்குச் சுரங்க முதலாளி அழைத்துவந்த குண்டர்கள் பின்னர் நகரையே தமதாக்கிக்கொள்கின்றனர். அங்கு கொலையாளி ஒருவனைக் கண்டுபிடிப்பதால் எதுவும் தீர்வதில்லை. பில்லி வைல்டர் 1944இல் நெறிப்படுத்திய ‘இரட்டை இழப்பீடு’ என்னும் திரைப்படத்தில் கொலை செய்பவன் ஒரு காப்புறுதி முகவன். விபத்து மரணத்துக்கு இருமடங்கு பணம் என்ற ஒப்பந்த விதியே அவனது கொலைத் திட்டத்தை வகுக்கின்றது.

வீடியோ விளையாட்டு, வாசகரையும் பார்வையாளரையும் செயற்படுவோராக மாற்றுகின்றது. டென்மார்க்கில் உருவாகி 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹிட்மேன்’ விளையாட்டின் நாயகன் கூலிக்குக் கொலை செய்பவன். ஆய்வுகூடத்தில் படைக்கப்பட்ட அவனது பிடரியில், கடைப் பண்டங்களில் காணப்படும் பட்டைக் குறியீடு பொறிக்கப்பட்டுள்ளது. கொலை ஊதியத் தொழிலாகவும் கொல்பவன் பண்டமாகவும் ஆகிவிட்ட நிலையை இதனிலும் வெளிப்படையாகக் காட்டுதல் அரிது. இதற்கு மாறானது, எஸ்தோனியக் குழுவினர் உருவாக்கி 2019இல் வெளியிட்ட ‘டிஸ்கோ எலிசியம்’. துறைமுக வேலைநிறுத்தத்தின் நடுவே, மரத்தில் தொங்கும் பிணமொன்றின் மர்மத்தை அது ஆராயவைக்கின்றது. இறந்தவன் கம்பனியின் கூலிப்படையைச் சேர்ந்தவன். தொழிலாளர் போராட்டத்தையும், அந்நகரில் முன்னர் தோல்வியுற்ற புரட்சியையும் விளங்கிக்கொள்ளாது விளையாடுபவர் முழு விடையை அடைய இயலாது.

ஆகவே இவ்வடிவத்தை முற்றாக நிராகரித்தல் பொருந்தாது. ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் உண்டு, அக்காரணம் அறியப்படக்கூடியது, எவரேனும் அதற்குப் பொறுப்புக்கூற வேண்டும் என்ற நம்பிக்கையை இக்கதைகள் பேணுகின்றன. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017ஆம் ஆண்டு முதல் வீதியோரங்களில் அமர்ந்து விடை கேட்டுவந்துள்ள எமது நாட்டில், இந்நம்பிக்கையின் பெறுமதியை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதனைத் தனிமனிதக் குற்றவாளி ஒருவனோடு முடித்துவிடுவதே பெரும்பாலான கொலைக் கதைகளின் குறைபாடு. ‘கொன்றவர் யார்?’ என்பதோடு ‘கொல்வித்தது எது?’ என்றும் வினவும் படைப்புகளை இனங்காண்பது முற்போக்கு விமர்சகர்களின் கடமையாகும்.