ஸ்டீயரிங் ஆடுகிறதா? பாக்ஸை மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள்!

‘வயலில் உழும்போது ஒன்றும் தெரியவில்லை. டிரெய்லரை மாட்டித் தார் ரோட்டில் ஏறி, பெரிய கியர் போட்டதும் முன்சக்கரம் இரண்டும் ஆடுகின்றன. ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. பட்டறையில் ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?’

பழைய டிராக்டர் வைத்திருக்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. பாக்ஸ் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பாகம். டயரில் தொடங்கி இணைப்புகள் வரை பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் தளர்ச்சிதான், வேகம் கூடும்போது ஆட்டமாகக் கைக்கு வருகிறது. எனவே, காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு ஜாக்கி, ஒரு டேப், உதவிக்கு ஓர் ஆள் போதும்.

முதலில் டயர், ரிம்

இரண்டு முன் டயரிலும் காற்று ஒரே அளவில் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள். காலால் உதைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. எவ்வளவு காற்று என்பது டயரின் அளவைப் பொறுத்து மாறும். டிராக்டருடன் வந்த கையேட்டில் இருக்கும். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர் என்றாலும், டயர் ஒரு இடத்தில் புடைத்திருந்தாலும் ஆட்டம் வரும்.

சேற்று உழவு முடிந்த கையோடு ரோட்டில் ஏறும்போது மட்டும் ஆடினால், ரிம்மின் உட்புறம் பாருங்கள். அங்கே ஒரு பக்கமாகக் காய்ந்து ஒட்டிய சேறு, சக்கரத்தின் எடையை ஏறுமாறாக்கிவிடும். கழுவினாலே சரியாகிவிடும். வீல் நட்டுகளையும் முறுக்கிப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம் கோணியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஜாக்கி போட்டு ஒரு சோதனை

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன் ஆக்சிலைத் தூக்கியதும் அடியில் உறுதியான மரக்கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் இருந்தால், உதவியாளர் உட்புறம் இருந்து கவனிக்க வேண்டும். சக்கரம் மட்டும் அசைந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தோடு ஸ்டப் ஆக்சிலும் சேர்ந்து அசைந்தால் அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. பேரிங் தளர்ச்சி என்றால், நட்டை முறுக்கி, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்கு இளக்கி, புது பின் போட வேண்டும். பேரிங்கில் கரகர சத்தம் இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்து, சக்கரத்தை இடது, வலது ஓரங்களில் பிடித்து அசையுங்கள். இப்போது ஆடினால், டை ராடு பால் ஜாயின்ட்டில் கை வைத்துக் கொள்ள, உதவியாளர் மெதுவாக ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும். தேய்ந்த ஜாயின்ட்டில் ‘டொக்’ என்ற தட்டல் விரலுக்குத் தெரியும். ஆக்சிலின் நடுவில் உள்ள சென்டர் பின், அதன் புஷ் ஆகியவற்றையும் இதே நேரத்தில் பாருங்கள். இவை எல்லாம் இறுக்கமாக இருந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பாக்ஸின் வெளிக்கை அசையத் தாமதமானால்தான், பாக்ஸைத் திறக்க வேண்டும்.

டேப் வைத்து அளக்கலாம்

முன்சக்கரங்கள் முன்பக்கத்தில் சற்றே உள்நோக்கி இருக்க வேண்டும். பல 2 வீல் டிரைவ் மாடல்களில் இந்த வித்தியாசம் 10 மில்லி மீட்டருக்குள்தான். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ஆக்சில் உயரத்தில், இரண்டு டயரின் முன்பக்க நடுவிலும் சாக்பீஸால் குறியிட்டு இடைவெளியை அளங்கள். அந்தக் குறி பின்பக்கம் வரும்வரை டிராக்டரை நகர்த்தி மறுபடி அளங்கள். முன்பக்க அளவு சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கையேட்டில் உள்ள அளவுக்கு டை ராடைத் திருகிச் சரிசெய்யலாம். தேய்ந்த ஜாயின்ட்டை மாற்றிய பிறகே இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அளவு நிற்காது.

டிரெய்லர் மாட்டினால் மட்டும் ஆடுகிறதா?

பாரம் பின்னால் அழுத்தும்போது முன்பக்கம் லேசாகி, சக்கரம் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. பாரத்தைக் குறையுங்கள், டிரெய்லருக்குள் சீராகப் பரப்புங்கள். பிரேக் போடும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் அது பிரேக் கோளாறு. ரோட்டில் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டியே ஓட்ட வேண்டும். 4 வீல் டிரைவ் டிராக்டர் என்றால், தார் ரோட்டில் முன்சக்கர டிரைவை விலக்கிவிடுங்கள்.

மலைத்தோட்டங்களில் ஓடும் பழைய ஜீப்புக்கும் இதே வரிசைதான். கூடுதலாக, பட்டைகளைப் பிடிக்கும் யு-போல்ட், பட்டை முனைகளில் உள்ள புஷ் இரண்டையும் பார்க்க வேண்டும். அதிர்வு தாங்கியை மட்டும் புதிதாக மாட்டினால் ஆட்டம் கைக்குத் தெரியாமல் மறையும். தேய்மானம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதில் தள்ளிப்போடக் கூடாதது

பால் ஜாயின்ட் நட்டில் ஸ்பிளிட் பின்னுக்குப் பதில் ஆணியோ கட்டுக்கம்பியோ போட்டிருந்தால், அன்றைக்கே மாற்றுங்கள். அந்த ஜாயின்ட் கழன்றால் ஒரு சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு, மட்கார்டில் பிள்ளையை உட்கார வைத்துப் போகும் வழியில் அது நடந்தால் என்ன ஆகும்? ஒரு பின்னின் விலைக்காக எடுக்கும் ஆபத்தா அது! டிராக்டரில் ஓட்டுபவரைத் தவிர யாரும் ஏறாமலிருப்பதே நல்லது.

ஓட்டும்போது ஆட்டம் வந்துவிட்டால் பிரேக்கை அடித்து மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறைத்து, ஓரம் கட்டுங்கள்.

தேய்மானத்தைத் தள்ளிப்போடும் மலிவான மருந்து கிரீஸ். சேற்று உழவு நாட்களில் ஸ்டப் ஆக்சில், சென்டர் பின் நிப்பிள்களுக்குத் தினமும், பழைய சேறு கலந்த கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லையா? எழுதுங்கள். டிராக்டரின் மாடல், ஓடிய மணிநேரம், எந்த வேகத்தில், பாரத்தோடா வெறுமனேவா ஆடுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த விவரங்களை மெக்கானிக்கிடம் சொன்னாலும், தேவையில்லாத பாகத்துக்குப் பணம் போகாது.